இன்னும் எத்தனை நடை தாங்கும்?

ஏப்ரல் 15 வந்துவிட்டால் கடலூர் துறைமுகத்தில் சத்தமே மாறிவிடும். ஏலக் கூச்சல் அடங்கி, சுத்தியலும் கிரைண்டரும் பேச ஆரம்பிக்கும். மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அந்த நாட்களில்தான் விசைப்படகுகளின் வயிற்றைத் திறந்து பார்க்க முடியும்.

ஒரு தடைக்காலத்தில் எங்கள் மாமா படகின் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி ஓ.டி.யில், அதாவது கடலூர் பழைய நகரத்தில், ஒரு பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தோம். ஃபிட்டர் அண்ணன் அதிலிருந்த கிரீஸைச் சுத்தமாகத் துடைத்தார். மண்ணெண்ணெய் தடவினார். அப்படியே போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தார். அப்புறம் சாக்பீஸை நுணுக்கிய தூளை மேலே பூசினார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். வெள்ளைப் பூச்சில், ப்ரொப்பல்லரைப் பூட்டும் சாவிக்கட்டை உட்காரும் பள்ளத்தின் மூலையிலிருந்து சாய்வாக ஒரு ஈரக்கோடு மெல்ல எழுந்தது. விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. விரிசலுக்குள் ஒளிந்துகொண்ட மண்ணெண்ணெயை சாக்பீஸ் தூள் உறிஞ்சி வெளியே இழுத்துவிட்டது, அவ்வளவுதான்.

“கிராக் விட்டிருக்கு, பாரு தம்பி.”

“இன்னும் எத்தனை நடை தாங்கும்ணே?”

“அத யாரு கண்டா? மாத்திடு.”

படகுக்கு அது நல்ல பதில். விமானத்துக்கு அது போதாது. விரிசல் துளியும் இல்லாத விமானம்தான் பறக்கலாம் என்று சட்டம் போட்டால் வானத்தில் ஒன்றுகூட மிஞ்சாது. ஒரு பயணிகள் விமானத்தில் லட்சக்கணக்கான ரிவெட்டுகளும் போல்ட்டுகளும் இருக்கின்றன. ஒவ்வொரு துளையும் விரிசல் பிறக்கத் தோதான இடம். அதனால் நான் கேட்ட அதே கேள்விக்கு விமானத் துறை எண்ணாகவே பதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. விமான விரிசல் என்றதும் எல்லோரும் கருவிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கருவி அடுத்த சங்கதி. எங்கே பார்ப்பது, ஒரு தடவை பார்த்தபின் எத்தனை நடை பார்க்காமல் விடலாம், இந்த இரண்டில்தான் உயிர் இருக்கிறது.

கட்டுக்கம்பியை அறுக்கக் கையில் கட்டிங் பிளேயர் இல்லாவிட்டால் கொத்தனார் என்ன செய்வார்? முன்னும் பின்னுமாக வளைப்பார். கொஞ்ச நேரத்தில் பொட்டென்று போய்விடும். அதே கம்பியை இழுத்து அறுக்கப் பார்த்தால் கைதான் அறுபடும். ஒரே தடவையில் தாங்கும் பாரத்தைவிட எவ்வளவோ குறைந்த பாரம், திரும்பத் திரும்ப வந்தால் உலோகம் விட்டுக்கொடுத்துவிடும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். 1842இல் வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து பெரும் விபத்தானது. ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே எஞ்சினியர் 1850களிலும் 60களிலும் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி முறித்து, எவ்வளவு பாரத்துக்கு எத்தனை சுற்று தாங்கும் என்று அட்டவணை போட்டார். ஆக, நூறு வருஷத்துப் பாடம் கையில் இருந்த பிறகுதான் ஜெட் விமானமே வந்தது. அப்படியும் அடி வாங்கினார்கள்.

விமானத்தில் வளைந்து நிமிர்வது இறக்கை மட்டும் இல்லை, உடலும்தான். 35,000 அடி உயரத்தில் வெளிக்காற்று மூச்சுவிடப் போதாது. அதனால் உள்ளே காற்றை அழுத்தி வைக்கிறார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் ஐந்தரை டன். 75 கிலோ நெல் மூட்டையாகக் கணக்குப் போட்டால், அந்த ஒரு சதுர மீட்டரில் எழுபது மூட்டைக்கு மேல் அடுக்கி உள்ளிருந்து வெளியே தள்ளுவது மாதிரி. மேலே ஏறும்போது உடல் பலூனாக உப்புகிறது, இறங்கினதும் தளர்கிறது. அது ஒரு சுற்று. விமானத்தின் வயதை வருஷத்தில் கேட்பதைவிடச் சுற்றில் கேட்பதுதான் சரி. டெல்லியிலிருந்து லண்டன் போகும் விமானத்துக்கு ஒன்பது மணி நேரத்தில் ஒரு சுற்று. குட்டி விமானங்கள் ஊர்விட்டு ஊர் ஒரு மணி நேரத்தில் தாவுவதால் அதே ஒன்பது மணி நேரத்தில் ஐந்தாறு சுற்று ஓடிவிடும்.

இதைத் தெரியாமல் விட்டதற்குக் கொடுத்த விலைதான் காமெட். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். 1954 ஜனவரி 10 அன்று ஒன்று எல்பா தீவுக்கருகே நடுவானில் சிதறியது, 35 பேர். ஏப்ரல் 8 அன்று இன்னொன்று நேப்பிள்சுக்கருகே கடலில் விழுந்தது, 21 பேர். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு காமெட்டைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உள்ளேயும் தண்ணீர் நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். காற்றை வைத்துச் செய்தால் வெடித்துச் சிதறிவிடும். தண்ணீரில் கிழிசல் கிழிந்த இடத்திலேயே நிற்கும். பறந்த சுற்று, தொட்டியில் போட்ட சுற்று எல்லாம் சேர்த்து 3,057இல் உடல் ஜன்னல் பக்கத்து மூலையிலிருந்து கிழிந்தது. தயாரித்த கம்பெனி ஏற்கெனவே ஒரு துண்டு உடலைச் சோதித்து 16,000 சுற்றுக்குக் குறையாமல் தாங்கும் என்று நம்பியிருந்தது. கோளாறு என்னவென்றால், அந்தத் துண்டை முதலில் இரண்டு மடங்கு அழுத்தம் கொடுத்து பலப் பரீட்சை வைத்துவிட்டு, பிறகு அதையே சோர்வுப் பரீட்சைக்கும் போட்டார்கள். அந்த முதல் அழுத்தத்தில் மூலைகளில் உலோகம் கொஞ்சம் இளகி நீண்டு, பிறகு வரும் சுமையைத் தாங்கத் தோதாக இறுகிக்கொண்டது. விற்பனைக்குப் போன விமானங்களுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. பரீட்சையில் மார்க் எடுத்தது வேறு ஆள், வேலைக்குப் போனது வேறு ஆள்.

அதற்குப் பிறகு இரண்டு வழி தேடினார்கள். ஒன்று, இத்தனை சுற்று வரை விரிசலே விடாது என்று கணக்கிட்டு, அதற்குமுன் பாகத்தைக் கழற்றி எறிவது. இன்னொன்று, ஒரு பாகம் போனாலும் பக்கத்துப் பாகம் தாங்குகிற மாதிரி கட்டுவது. இரண்டிலும் ஓட்டை இருந்தது. 1969 டிசம்பர் 22 அன்று அமெரிக்க விமானப்படையின் எஃப்-111 போர் விமானம் ஒன்றின் இறக்கை பிய்ந்து போனது. பறந்திருந்தது நூறு மணி நேரம்தான். சோர்வதற்கே நேரமில்லை. இறக்கையை மடக்கி விரிக்கும் எஃகுத் துண்டில், வார்த்து அடித்த நாளிலேயே ஒரு பிளவு இருந்திருக்கிறது. தொழிற்சாலைப் பரிசோதனை எல்லாவற்றையும் தாண்டி அது விமானத்தில் ஏறிவிட்டது. அதன்பின் எல்லா எஃப்-111களையும் மைனஸ் 40 டிகிரி குளிர் அறைக்குள் வைத்து இறக்கையை வளைத்துப் பார்த்தார்கள். குளிரில் எஃகு எளிதில் உடைகிற மாதிரி ஆகிவிடும், பெரிய பிளவு இருந்தால் தரையிலேயே உடைந்துவிடும். உடையாமல் வெளியே வந்தால் அத்தனை பெரிய பிளவு அதில் இல்லை என்று அர்த்தம். முரட்டு வைத்தியம். ஆனால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

அந்த விபத்திலிருந்துதான் இன்றைய முறை பிறந்தது. பொருள் புத்தம் புதிதாக இருந்தாலும் அதில் ஏற்கெனவே ஒரு விரிசல் இருக்கிறது என்று வைத்துக்கொள். அது எவ்வளவு வேகத்தில் வளரும் என்று கணக்குப் போடு. உயிருக்கு ஆபத்தாகும் முன் அதைப் பிடிக்க இரண்டு மூன்று வாய்ப்பு கிடைக்கிற மாதிரி பரிசோதனை நாளைக் குறி. அமெரிக்க விமானப்படை 1970களின் நடுவில் இதை விதியாக்கியது. பயணிகள் விமானங்களுக்கு 1978இல் வந்தது.

கணக்கு எப்படிப் போகும் என்று ஒரு பேச்சுக்கு எண்களை வைத்துப் பார்ப்போம். ஒரு இடத்தில் 1 மில்லிமீட்டர் விரிசலைக் கருவி பிடித்துவிடும், 25 மில்லிமீட்டர் ஆனால் தகடு கிழியும், இடையில் 12,000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். விரிசல் நேர்க்கோடாக வளராது. 1960களில் பால் பாரிஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர் கண்டு சொன்ன விதிப்படி, நீளம் கூடக் கூட வேகமும் கூடும். அலுமினியத்துக்கு வழக்கமான எண்ணைப் போட்டால், பாதி ஆயுள், அதாவது 6,000 சுற்று முடியும்போதும் விரிசல் 3 மில்லிமீட்டரைத் தொட்டிருக்காது. 9,000இல் 6 மில்லிமீட்டர் சொச்சம். மிச்சம் 19 மில்லிமீட்டரும் கடைசி 3,000 சுற்றில் ஓடிவிடும். மெல்ல வட்டி ஏறி, திடீரென்று முதலைத் தாண்டுகிற கந்துவட்டி மாதிரி. 12,000ஐ மூன்றாக வகுத்து 4,000 சுற்றுக்கு ஒருமுறை பார் என்று எழுதுவார்கள். நாளைக்கு ஏழு நடை போகிற விமானத்துக்கு அது ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்.

இந்தக் கணக்கில் உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. நாம் நினைத்ததைவிடப் பாரம் பத்து சதவீதம் மட்டும் கூடுதலாக இருந்தால் விரிசல் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 12,000 சுற்று 9,000 ஆகச் சுருங்கும். இரண்டு பேர் ஒரே நாளில் வாங்கின டிவிஎஸ் 50இல் ஒன்று பள்ளிக்கூட வாத்தியாரைச் சுமக்கிறது, இன்னொன்று துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்ட மீன் பெட்டியை மூன்றடுக்காகச் சுமக்கிறது. இரண்டுக்கும் ஒரே நாளில் சர்வீஸ் எழுதினால் எப்படி? போர் விமானங்களில் இது பெரிய பிரச்சினை. ஒரு விமானி முரட்டுத்தனமாகத் திருப்புவார், ஒருவர் அலுங்காமல் ஓட்டுவார். அதனால் ஒவ்வொரு போர் விமானத்திலும் அது பட்ட பாரத்தைத் தனியாகப் பதிவு செய்து, வால் எண் வாரியாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

சரி, கருவிகளுக்கு வருவோம். முதல் கருவி கண். விமானப் பரிசோதனையில் பெரும்பகுதி இன்றைக்கும் டார்ச்சும் பூதக்கண்ணாடியும் பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி ஒரு குட்டிக் கண்ணாடியும்தான். இரண்டாவது நம் ஃபிட்டர் அண்ணனின் முறை. மண்ணெண்ணெய்க்குப் பதில் சிவப்புச் சாயமோ, புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும் திரவமோ. சாக்பீஸுக்குப் பதில் ஸ்பிரே டப்பாவில் வரும் வெள்ளைப் பொடி. பட்டறைகளில் டிபி (டை பெனிட்ரன்ட்) டெஸ்ட் என்பார்கள். என்டிடி என்கிற, பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் பயிற்சியில் லெவல் 2 முடித்துவிட்டு வளைகுடாவுக்குப் போன பையன்கள் நம் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள், கேட்டால் சொல்வார்கள். இதில் ஒரு குறை: விரிசல் வாயைத் திறந்து மேற்பரப்புக்கு வந்திருக்க வேண்டும், பெயிண்டும் இருக்கக்கூடாது.

விமானத் தகட்டுக்கு அதிகம் கைகொடுப்பது சுழல் மின்னோட்டம். பிளஸ் டூ இயற்பியலில் படித்ததுதான். பேனா மாதிரி ஒரு முனை, அதற்குள் செப்புச் சுருள், அதில் மாறுதிசை மின்னோட்டம். தகட்டின் பக்கத்தில் கொண்டுபோனால் தகட்டுக்குள்ளும் மின்னோட்டம் சின்னச் சின்னச் சுழியாக ஓடும். வாய்க்காலில் குறுக்கே கல் கிடந்தால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போவது மாதிரி, விரிசல் குறுக்கிட்டால் மின்னோட்டம் வழி மாறும். திரையில் புள்ளி துள்ளும். பெயிண்ட் உரிக்க வேண்டாம். ரிவெட் தலையைச் சுற்றி ஓட்டினால் துளை விளிம்பில் ஒளிந்திருக்கும் சின்ன விரிசலும் சிக்கும். வேலை தொடங்கும்முன், தெரிந்த அளவில் வெட்டு போட்ட மாதிரித் தகட்டில் ஓட்டிப் பார்த்து, புள்ளி எவ்வளவு துள்ளுகிறது என்று சரிபார்த்துக்கொள்வார்கள். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் நீராவி ஜெனரேட்டர் குழாய்களைச் சோதிக்க வளர்த்தெடுத்ததும் இந்த முறையின் சொந்தக்காரன்தான். அந்த மையத்தின் இயக்குநராக இருந்த பல்தேவ் ராஜ் பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் துறையில் உலகளவில் பெயர் பெற்றவர். தடித்த பாகங்களுக்கு அல்ட்ராசவுண்ட் உண்டு, வயிற்றுக்கு எடுக்கும் ஸ்கேனும் அதுவும் ஒரே குடும்பம். எக்ஸ்ரேயும் உண்டு, ஆனால் அதற்கு விமானம் நிற்கும் ஹேங்கரையே காலி செய்ய வேண்டியிருப்பதால் யாருக்கும் பிரியமில்லை.

ஒரு கருவி கண்டுபிடித்த மிகச் சின்ன விரிசல் எது என்பது விளம்பரத்துக்கு உதவும். அது கோட்டைவிட்ட மிகப் பெரிய விரிசல் எது என்பதுதான் பரிசோதனை நாள் குறிக்க வேண்டும். அதனால் ஏற்கெனவே விரிசல் வைத்த தகடுகளைப் பல பேரிடம் கொடுத்துத் தேடச் சொல்லி, பத்துக்கு ஒன்பது தடவை மாட்டுகிற அளவு எதுவோ அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். கருவியைப் பிடிக்கிற கையும் கண்ணும் அந்த எண்ணுக்குள் அடங்கும். அதிகாலை மூன்று மணிக்கு, கூரை உயரத்தில் நின்றுகொண்டு, ஆயிரத்து இருநூறாவது ரிவெட்டைப் பார்க்கிற ஆள், முதல் ரிவெட்டைப் பார்த்த அதே ஆளில்லை.

இனி உப்பு. கடலூரிலும் புதுச்சேரியிலும் இதை விளக்க வேண்டியதில்லை. வண்டி சைலன்சர், மாடிக் கைப்பிடி, ஏசி வெளிப்பெட்டி எதுவும் உள்ளூர்க்காரன் கணக்குக்கு நிற்காது. விரிசலும் அரிப்பும் சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் மூன்று. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் நடந்தது அதுதான். அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737, வயது 19. தீவு விட்டுத் தீவு தாவி 89,680 சுற்று முடித்திருந்தது. வடிவமைக்கும்போது நினைத்தது 75,000. நாளெல்லாம் உப்புக் காற்று. ஆரம்பகால 737களில் உடல் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பசை போட்டு, ரிவெட் அடித்திருந்தார்கள். பாரத்தைப் பசை சுமக்கும், ரிவெட் துணைக்கு என்று எண்ணம். ஈரம் புகுந்து பசை விட்டதும் முழுப் பாரமும் ரிவெட் தலையில் விழுந்தது. தலை தகட்டோடு அமுங்கி உட்காரத் துளையின் வாயைச் சாய்வாகக் குடைந்திருந்ததால், அடி விளிம்பு கத்தி முனையாக மெலிந்திருந்தது. வரிசையாக ஒவ்வொரு துளையிலும் விரிசல்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னது. தினசரி காலண்டர் தாளை மேலே வரிசையாகத் துளை போட்டு வைத்திருப்பார்களே, அதே மாதிரி. 24,000 அடியில் முன்பக்கக் கூரை ஐந்தரை மீட்டர் நீளத்துக்குக் கிழிந்து பறந்துவிட்டது. 95 பேர் இருந்த விமானத்தில் ஒரு பணிப்பெண் மட்டும் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். மற்றவர்களோடு விமானிகள் மௌயி தீவில் இறக்கிவிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர் மறக்க முடியாது. மேலே நான் போட்டுக் காட்டிய கணக்கு ஒற்றை விரிசலுக்கானது. பக்கத்துத் துளையிலும் விரிசல் இருந்து, இரண்டும் கைகோத்துக்கொண்டால் அந்த 25 மில்லிமீட்டர் எல்லைக்கு அர்த்தமே இல்லை. அதனால் ஒவ்வொரு ரகப் பெரிய விமானத்துக்கும், இதற்குமேல் எங்கள் சோதனைகள் செல்லாது என்று ஒரு உச்ச எண் குறிக்க வேண்டும் என 2010இல் அமெரிக்காவில் விதி வந்தது. எண் வந்தால் பளபளவென்று இருந்தாலும் பறக்கக் கூடாது.

உப்பு சம்பந்தப்பட்ட இன்னொரு விபத்து எனக்கு இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது. 2005 டிசம்பர் 19, மயாமி. 1947இல் கட்டிய க்ரம்மன் மல்லார்டு, கடல் தண்ணீரிலேயே இறங்கி ஏறுகிற விமானம். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வலது இறக்கை கழன்று விழுந்து 20 பேரும் இறந்தார்கள். இறக்கையின் அடிப்பக்கச் சட்டத்தில் பழைய விரிசல். அந்த இறக்கைக்குள்தான் எரிபொருள் தொட்டி. எரிபொருள் கசிகிறது என்று அடிக்கடி புகார் வந்திருக்கிறது, அடைத்து அடைத்து ஓட்டியிருக்கிறார்கள். கசிவு என்றால் எம்-சீல், மறுபடி கசிந்தால் இன்னும் கொஞ்சம் எம்-சீல். நம் வீட்டுத் தண்ணீர் டேங்கில் நாம் செய்யாததா? விரிசல் தன் மொழியில் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறது. கசிவைக் கேட்டவர்கள் கசிவுக்கு மட்டும் பதில் சொன்னார்கள்.

அப்படியானால் விமானத்திலேயே சென்சாரை ஒட்டி வைத்து, விரிசல் விட்டால் அதுவே சொல்லட்டும் என்று விட்டுவிடலாமே? முப்பது வருஷமாக நடக்கும் முயற்சி. எனக்குப் பிடித்தது வெற்றிட முறை. மெல்லிய ரப்பர் மாதிரி ஒரு பட்டை, அடிப்பக்கம் முடியளவு வாய்க்கால்கள். ஒன்றில் வெற்றிடம், அடுத்ததில் காற்று, மறுபடி வெற்றிடம். தகட்டில் ஒட்டிவிட வேண்டியது. கீழே விரிசல் ஓடினால் வாய்க்கால்கள் இணைந்து வெற்றிடம் கசியும். பஞ்சர் ஒட்டுபவர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பதன் மறுபக்கம். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் டெல்டா ஏர்லைன்ஸின் 737களில் இதை ஒட்டிச் சோதித்தது. போயிங்கும் பரிசோதனைக் கையேட்டில் இதற்கு இடம் கொடுத்தது. இன்னொரு முறையில் கண்ணாடி இழைக்குள் ஒளியை விடுவார்கள். இழையில் பொறித்த கோடுகள் ஒரு குறிப்பிட்ட நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும். தகடு நீண்டால் இழையும் நீண்டு அந்த நிறம் நகரும். குட்டிப் பீங்கான் வில்லைகளை ஒட்டி, ஒன்று தட்ட மற்றவை கேட்கிற முறையும் உண்டு. தகட்டில் ஓடும் அதிர்வலை நேற்று மாதிரி இன்றும் வருகிறதா என்று ஒப்பிடுவது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் காலை ஆறு மணித் தகடும் மே மாத மத்தியானத் தகடும் ஒரே மாதிரி பேசாது. வெப்பத்தால் வந்த வித்தியாசத்தை விரிசல் என்று கத்திவிட்டால் அத்தனை பயணிகளும் இறங்க வேண்டும். பசை, வயர், வில்லை எல்லாம் விமானத்தோடு சேர்ந்து இருபது முப்பது வருஷம் உழைக்கவும் வேண்டும். சென்சார் செத்துப்போனதா, விரிசல் இல்லையா என்று தெரியாத மௌனம் மோசமான மௌனம்.

இதையெல்லாம் சரிசெய்துவிடலாம். கழற்றிப் பார்க்கவே இரண்டு நாள் பிடிக்கிற இடங்களில் சென்சார் பெரிய வரம் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. என் தயக்கம் வேறு. சென்சாரை எங்கே ஒட்டுவது? தெரிந்த இடத்தில்தான் ஒட்ட முடியும். 2019இல் 737 என்ஜி விமானங்களில், இறக்கையை உடலோடு பிணைக்கும் ஒரு பாகத்தில் விரிசல் தென்பட்டது. ஊறுகாய் எடுக்கும் முள்கரண்டி மாதிரி இருப்பதால் பிக்கிள் ஃபோர்க் என்றே பெயர். 90,000 சுற்று வரை கவலையில்லை என்று இருந்த பாகம். வேறு வேலைக்காகப் பிரித்த விமானத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்டது. அதன்பின் 30,000 சுற்றைத் தாண்டியவற்றை ஏழு நாளுக்குள் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்து, உலகம் முழுக்கப் பல விமானங்கள் தரையில் நின்றன. ஏர்பஸ் ஏ380 இறக்கைக்குள் விலாச் சட்டங்களைத் தகட்டோடு பிணைக்கும் பாகங்களில் வந்த விரிசலும் இப்படித்தான். 2010இல் எஞ்சின் வெடித்துச் சேதமான ஒரு விமானத்தைப் பழுதுபார்க்கும்போது வெளிப்பட்டது. 2012 தொடக்கத்தில் மற்ற விமானங்களையும் பார்க்க ஐரோப்பாவில் உத்தரவிட்டார்கள். இந்த இரண்டு இடத்திலும் யாரும் அதற்குமுன் சென்சார் ஒட்டியிருக்க மாட்டார்கள். பெரிய பரிசோதனைக்காக விமானத்தை எலும்புவரை பிரிக்கும்போது சும்மா சுற்றிப் பார்க்கிற அனுபவப்பட்ட கண்ணுக்கு மாற்று வருமென்று நான் நம்பவில்லை.

புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டைக்கு வருவோம். ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் இறங்க முடியாது. 2024 டிசம்பரிலிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் போய்வருவது ஏடிஆர் 72 என்ற ப்ரொப்பல்லர் விமானம். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற நடைகள், பக்கத்திலேயே கடல். இதுவரை சொன்னதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். ஒரு சலுகை: 25,000 அடிக்கு மேல் போகாது, அதனால் உடல் உப்புவது கொஞ்சம் குறைவு. ஒரு வித்தியாசம்: அதன் இறக்கையின் வெளிப்பகுதி கரியிழை (கார்பன் ஃபைபர்) தகடுகளால் ஆனது. இந்தப் பொருளுக்கு உலோகச் சோர்வு அவ்வளவு பெரிய எதிரி இல்லை. அடிதான் எதிரி. ஏணி இடித்தாலோ, கையிலிருந்து ஸ்பேனர் நழுவி விழுந்தாலோ, மேலே தோல் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்கிற எளிய வழி, சின்ன சுத்தியலால் தட்டிக் கேட்பது. நல்ல இடம் கணீரென்று சொல்லும், பிரிந்த இடம் மொத்தையாகச் சொல்லும். பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே சுளை எப்படி என்று சொல்கிறவர்களுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுக்க ஒரு வாரம்கூட ஆகாது.

ஆனால் எங்கே தட்டுவது? அது இடித்தவருக்குத்தான் தெரியும். 2005 டிசம்பர் 26, சியாட்டில். சாமான் ஏற்றும் ஊழியர் ஒருவர் அலாஸ்கா ஏர்லைன்ஸின் எம்டி-83 ஒன்றில் வண்டியை இடித்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. விமானம் 26,000 அடி ஏறியபோது, இடித்த இடத்தில் சுமார் ஓரடி நீளத்துக்குத் தகடு கிழிந்து காற்று வெளியேறியது. யாருக்கும் அடியில்லை, திரும்பி வந்து இறங்கிவிட்டார்கள். அது அலுமினியம். அலுமினியத்தில் இடித்த தடம் மடிப்பாகவாவது தெரியும், தேடினால் கிடைக்கும். கரியிழை அதையும் மறைத்துவிடும். தடம் கண்ணில் பட்டாலும் சொல்ல ஆள் வேண்டும். அலோஹா விமானத்தில் ஏறும்போதே ஒரு பயணி கதவருகே தகட்டில் விரிசலைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, யாரிடம் போய்ச் சொல்வது என்று சீட்டில் உட்கார்ந்துவிட்டார். அதனால் கரியிழை விமானங்களைக் கையாளும் இடங்களில் சாமான் வண்டி ஓட்டுபவர், ஏணி தள்ளுபவர், சாப்பாட்டு வண்டிக்காரர் ஆகியோருக்கு முதல் நாளே சொல்லித் தருவது இதைத்தான்: தொட்டால் சொல்லிவிடு, கீறல் தெரியாவிட்டாலும் சொல்லிவிடு, சொன்னதற்காகச் சம்பளத்தில் கைவைக்க மாட்டோம். சம்பளத்தில் கைவைத்த இடத்தில் அதற்குப் பிறகு யாரும் சொல்வதில்லை.